மறைத்த வாயே சொல்லட்டும்

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

எங்கே இருந்தாலும் வலியில்லாமல் இருங்கள். இங்கே ரோட்டில் கரும்பு லாரி ஹாரன் அடித்தால் இன்னும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறேன். உங்கள் ஹாரன் எது, மற்றவன் ஹாரன் எது என்று எனக்கா தெரியாது? தெரிந்தும் பார்க்கிறேன்.

எட்டு வருஷமாக உங்களிடம் மனசுக்குள் பேசியதுதான் ஜாஸ்தி. இந்த முறை எழுதி, நாலு பேர் படிக்கிற இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அந்த டாக்டரும் படிக்க வேண்டும் என்பதுதான் காரணம். பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பரவாயில்லை. படிக்கிறபோது அவருக்குத் தெரியும்.

நீங்கள் போனது 2004 கார்த்திகையில். ஆலையில் கரும்பு அரவை தொடங்கிய நேரம். லோடு கட்டும்போது சங்கிலி நழுவி லாரி மேலிருந்து விழுந்தீர்கள், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கால் எலும்புக்காக யாராவது சாவார்களா, மாமா? நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்குக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரி, பேர்பெற்ற டாக்டர். பிளேட் வைத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். இந்தச் சட்னிக்கு ஆபரேஷனே தேவலாம் என்று சொன்னீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

அப்போது நர்ஸ் வந்து கையில் இருந்த ஊசிக்குழாயில் மருந்து போட்டாள். தினமும் போடுகிற மருந்துதான்.

"மல்லி, கை எரியுது" என்றீர்கள்.

அவ்வளவுதான். உங்கள் வாயிலிருந்து அதற்கப்புறம் ஒரு சொல் வரவில்லை. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்தபோது டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். இந்த வயதிலும் வரும், யார் என்ன செய்ய முடியும், விதி என்றார். என் தலையில் கைவைத்து, "தைரியமா இரும்மா" என்றும் சொன்னார். நானும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடு இன்னும் என் உள்ளங்கையில் உறுத்துகிறது.

உங்களைக் கொண்டுவந்து எரித்தோம். அடுத்த மாசமே கடல் பொங்கிற்று. தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் வரிசையாக உடல்களைக் கிடத்தியிருந்த நாட்கள் அவை. ஊரே அழும்போது என் அழுகை யார் காதில் விழும்? பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கும்போது, மாரடைப்பில் புருஷனைக் கொடுத்தவள் என்ன பேசுவது என்று நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

உங்கள் மச்சான் குமார்தான் என்னையும் நம் பெண் எழிலையும் அண்ணாமலை நகருக்குக் கூட்டிவந்தான். லாட்ஜுகளுக்கு நடுவில் ஒரு சின்ன மெஸ். காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட வருவார்கள். தினமும் வருகிறவர்களில் ஒருத்தி ஸ்டெல்லா. நர்சுகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர், என் வயதுதான் இருக்கும். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டே உலகத்தையெல்லாம் பேசுவாள்.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம், கூட்டம் வடிந்த பிறகு ஒரு பெண் வந்து பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தாள். இலை போட்டேன். வேண்டாம் என்றாள். பெயர் பானு, காட்டுமன்னார்கோயிலிலிருந்து வருகிறேன் என்றாள். முகம் எங்கேயோ பார்த்த முகம். நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரருக்கு ஊசி போட்டது நான்தான். மருந்து மாறிப்போச்சு."

அறைந்தேன், மாமா. மறுபடியும் அறைந்தேன். அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து என்னைப் பிடித்தார்கள். நான் மூச்சு வாங்க நின்றபோது அவள் மிச்சத்தைச் சொன்னாள்.

தூள் மருந்தைக் கலக்க ஒரு தண்ணீர்க் குப்பி உண்டாம். பொட்டாசியம் என்று இன்னொரு மருந்தும் அதே அளவுக் குப்பியில் வருமாம். நிறைய குளுக்கோஸில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டியது அது. நேரே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து போட்டிருந்தார்கள். முந்தின நாள் வேலைக்கு வந்தவள் அடுத்த ஆள் வராததால் விடிய விடிய நின்று, மறுநாள் காலையிலும் அவளே மருந்து போட்டிருக்கிறாள். ஊசி போட்டதும் குப்பியைப் பார்த்திருக்கிறாள். பார்த்த அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லியும் இருக்கிறாள்.

டாக்டர் குப்பியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம். "நீ ஒண்ணும் பாக்கல. பேசினா நீதான் ஜெயிலுக்குப் போவே" என்றாராம். அதற்கப்புறம்தான் வெளியே வந்து என் தலையில் கை வைத்திருக்கிறார்.

இதைக் கேட்டும் எனக்கு அவள்மேல்தான் வெறி. அவளை ஜெயிலில் போட வேண்டும், அவள் கை அழுக வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். ஆனால் அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். நீங்கள் போன பிறகும் அந்த டப்பா அதே இடத்தில், அதே மாதிரிதான் இருந்ததாம். சில மாசம் கழித்து இன்னொரு நர்ஸ் அதே குப்பியை இன்னொருவருக்கு எடுத்துவிட்டாள். பானுதான் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். மறுபடியும் டாக்டரிடம் போய், அந்த மருந்தை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள் சார் என்று கெஞ்சியிருக்கிறாள். அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று.

உங்களைக் கொன்றது எது என்று தெரிந்த பிறகும் அந்த ஆள் ஒரு டப்பாவை நகர்த்தவில்லை, மாமா.

அன்றைக்குத்தான் என் வெறி ஆள் மாறியது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, அவர்கள் படிப்பில் இப்போது வந்திருக்கும் புது யோசனையைச் சொன்னாள். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் யார் செய்தது என்று கேட்பார்களாம். செய்தவளைத் திட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. இப்போது வெளிநாடுகளில் எப்படி நடந்தது என்று கேட்கச் சொல்கிறார்களாம். ஒரே மாதிரி குப்பி, தூக்கமில்லாத கண், இரண்டாவதாகச் சரிபார்க்க ஆள் இல்லாத வார்டு, இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவரைக் கொல்கின்றன, அந்த இடத்தில் யார் நின்றாலும் கை தவறும் என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ யாருமே குத்தவாளி இல்லையா? குப்பிதான் குத்தவாளியா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியோடு நான் பல நாள் மாவாட்டினேன், சோறு வடித்தேன். பிறகு எனக்கே ஒன்று விளங்கியது. கை தவறும். சரி. ஆனால் வாய் தவறிப் பொய் சொல்லுமா? குப்பி தானாகப் பாக்கெட்டுக்குள் போகுமா? பானுவின் கை செய்தது தவறு. அந்த ஆள் செய்தது தெரிந்து செய்த வேலை. ஸ்டெல்லாவின் புது யோசனையை நான் ஏற்றுக்கொண்டேன், ஆனால் அவரை விட்டுவிடுவதற்காக இல்லை. சரியான ஆளைப் பிடிப்பதற்காக.

உண்மை தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு, வழக்குப் போட இன்னும் காலம் இருக்கிறது என்றார் வக்கீல். கடலூர் நுகர்வோர் கோர்ட்டில் போட்டோம். பானு சாட்சி சொல்ல வந்தாள். அவள்மேல் நான் எந்த வழக்கும் போடக்கூடாது என்பது வக்கீல் சொன்ன ஏற்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் அவளும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். அந்தப் பயணங்களை உங்களுக்கு எப்படிச் சொல்வது? உங்கள் உயிரை எடுத்த கை என் பக்கத்தில் கம்பியைப் பிடித்திருக்கும். வெயில் பட்டால் அந்தக் கையே என் பக்கத்து ஷட்டரையும் இறக்கிவிடும்.

அவர்கள் பக்க வக்கீல் பானுவைத் திருடி என்றார். மருந்து திருடியதால்தான் வேலையை விட்டு நிறுத்தினோம் என்றார். அவளுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் அதோடு நின்றது. அவள் அழாமல், நடந்ததை நடந்தபடி திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்க்காமல் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வருகிற நேரம் நெருங்கியதும் சமாதானமாகப் போக டாக்டர் ஆள் அனுப்பினார். அப்போது அவர் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்க ஓடிக்கொண்டிருந்தார். பேர் கெடக்கூடாது. பணம் தருகிறேன் என்றார். குமார் வாங்கிக்கொள் என்றான். வாங்கிக்கொண்டேன், மாமா. எழில் படிக்க வேண்டும். வேண்டாம் என்று வீம்பு பேசுகிற நிலையில் நான் இல்லை.

ஆனால் அதோடு ஒரு நிபந்தனை வைத்தேன். வருஷா வருஷம் புது நர்சுகள் வேலைக்குச் சேரும்போது, அவர்கள் முன்னால் அவரே நின்று உங்களுக்கு என்ன நடந்தது, தான் எதை மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

வக்கீலே சிரித்துவிட்டார். கோர்ட் இப்படியெல்லாம் உத்தரவு போடாதும்மா என்றார். கோர்ட் போட வேண்டாம், சமாதானமாகப் போக அவருக்கு மனசு இருந்தால் போதும் என்றேன். டாக்டர் முதலில் குதித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். ஒரு தடவை வந்துவிட்டு இந்த மெஸ்காரி அலுத்துப்போவாள் என்று நினைத்திருப்பார்.

முதல் கூட்டம் 2010-இல். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு ஹால். புதுசாகச் சேர்ந்த பெண்கள், எல்லோரும் எழில் வயதை ஒட்டியவர்கள். அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். தமிழில் சொல்லுங்கள் என்றேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பேஷன்ட், ஒரு நர்சின் அஜாக்கிரதையால், என்று தொடங்கினார். நான் எழுந்து நின்றேன்.

"அவருக்குப் பேர் இல்லையா சார்?"

அவருக்கு உங்கள் பெயர் ஞாபகம் இல்லை, மாமா. அவர் கண்ணைப் பார்த்தபோது எனக்கு அது தெரிந்தது. கதிர்வேல் என்று நானே சொன்னேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கவா சொல்ல வேண்டியிருந்தது?

பிறகு அவர் சொன்னார். குப்பி, டப்பா, பாக்கெட், மாரடைப்பு என்ற பொய், எல்லாம். "நான் மறைச்சேன்" என்றும் சொன்னார். மேல்சட்டைக் கழுத்தெல்லாம் வேர்வை. நான் சந்தோஷப்பட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், திருவிழாவில் தேர் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வருஷம் வேறு மாதிரி ஆயிற்று. பொட்டாசியத்தை அதற்குள் வார்டுகளிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஊசி போடும் முன் நோயாளியிடம் பெயர் கேட்கிறார்கள், ஆபத்தான மருந்தென்றால் இரண்டு பேர் பார்க்கிறார்கள். அவர் பேசி முடித்ததும் ஒரு புதுப் பெண் எழுந்தாள். முந்தின நாள் தானும் குப்பி மாற்றி எடுத்துவிட்டதாகவும், போடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். வேறு இரண்டு மருந்துகளாம், இரண்டிலும் ஒரே நிற எழுத்தாம்.

டாக்டர் முகம் சிவந்தது. பழைய ஆள் எழுந்து வருவதை நான் பார்த்தேன். பிறகு அவர் கண் என்மேல் விழுந்தது. "எப்படிம்மா நடந்துச்சு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். சொன்னதுக்கு நன்றி என்றார். மேட்ரனைக் கூப்பிட்டு, அந்த இரண்டு மருந்துகளையும் வேறு வேறு அலமாரிக்கு மாற்றச் சொன்னார். நான் கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வார்டு வழியாக வந்தபோது மாற்றி முடித்திருந்தார்கள்.

ஒரு டீ குடிக்கிற நேரம், மாமா. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஸ்டெல்லாவுக்கு ஒரே சந்தோஷம், இதுதான் அக்கா மாற்றம் என்றாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு நல்ல மாற்றமும் ஆத்திரத்தைத்தான் கூட்டுகிறது. இதைச் செய்ய அவருக்கு அறிவு இருந்தது, ஆள் இருந்தது, நேரமும் இருந்தது. மனசு ஒன்றுதான் இல்லை. அந்த ஒன்று இல்லாததற்கு நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. மெஸ்ஸின் தகரக் கூரை பறந்து எதிர் லாட்ஜ் மாடியில் கிடந்தது. பண்ருட்டியில் உங்கள் சித்தப்பா தோப்பில் ஒரு பலா நிற்கவில்லை. எழில் பி.காம். முடித்துவிட்டாள். போதும்மா, விட்டுடு, அப்பா இதைக் கேட்டாரா என்று சொல்கிறாள். நீங்கள் கேட்டீர்களா, மாமா? கேட்க உங்களுக்கு எங்கே நேரம் கொடுத்தார்கள்?

இப்போது இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

டாக்டர் அந்தப் பேச்சை நன்றாகப் பழகிவிட்டார். எங்கே இடைவெளி விடுவது, எங்கே கண்ணாடியைக் கழற்றுவது எல்லாம் அத்துப்படி. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். தன் தவறைத் தானே சொல்லும் துணிச்சல்காரர் என்று பொன்னாடை போர்த்துகிறார்கள். நான் வாங்கிய பழி அவருக்கு மாலையாகிவிட்டது. பரவினால் நல்லதுதானே, நாலு உயிர் பிழைக்குமே என்கிறாள் ஸ்டெல்லா. பிழைக்கட்டும். ஆனால் அந்த மாலை யாருடையது?

பானுவை அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்துப் போடுகிறாள். இந்த வருஷக் கூட்டத்துக்கு முதல் நாள் அவளைத் தேடிப் போனேன். கூட வா என்றேன். வரலக்கா, அந்தப் படியில கால் வைக்க மாட்டேன் என்றாள். உனக்காகக் கூப்பிடவில்லை, எனக்காக வா என்றேன். வந்தாள்.

முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டார். அவருடைய பேச்சு ஓரிடத்தில் தடுமாறி, பிறகு சரியாயிற்று. முடித்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர்கள் முதலில் தட்ட, ஹாலே எழுந்து கைதட்டியது. ஓயும்வரை காத்திருந்துவிட்டு எழுந்தேன்.

"தட்டுறதா இருந்தா இவளுக்குத் தட்டுங்க. நடந்த அன்னிக்கே போய்ச் சொன்னவ இவதான். இவ சொன்னா, வேலை போச்சு, கல்யாணம் போச்சு, திருடின்னு பேரு. இவரு கோர்ட்டுக்குப் பயந்து சொன்னாரு, பொன்னாடை விழுது."

யாரும் தட்டவில்லை. போன வருஷம் எழுந்து நின்ற அந்த நர்ஸ் கதவோரம் இருந்தாள். அவள் முதலில் தட்டினாள். பிறகு புதுப் பெண்கள் எல்லோரும். பானு தலையைக் குனிந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தக் கையை நான் பிடித்தேன். மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. பிடித்தேன், அவ்வளவுதான்.

இவள் மருந்து திருடவில்லை என்று இங்கேயே சொல்லுங்கள் என்றேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் மேடையில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை, முதல் வருஷம்கூட. "திருடல. நாங்கதான் பொய் சொன்னோம்" என்றார். வெளியூர் டாக்டர்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை மேஜைமேல் மடித்தபடியே கிடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டில் என் பின்னாலேயே வந்தார். வயதாகிவிட்டது அவருக்கும். கம்பியைப் பிடித்துத்தான் இறங்குகிறார்.

"இன்னும் எத்தனை வருஷம்மா இப்படி?"

"அவருக்கு எத்தனை வருஷம் பாக்கி இருந்துச்சோ, அத்தனை வருஷம் சார்."

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. உங்கள் வம்சத்துக்கே ஆயுசு கெட்டி. உங்கள் அப்பா எண்பதைத் தாண்டியும் நெல்லிக்குப்பம் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போய் வருகிறார். தாத்தா தொண்ணூற்றைந்தில் பல்லோடு போனார் என்பீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே மாமா, நான் சீக்கிரம் உங்களிடம் வருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன், காலையில் நடக்கிறேன். அவர் பேசுகிற கடைசி மேடை வரைக்கும் முன்வரிசையில் இருப்பேன். வாதம் வந்து அவருக்கு வாய் கோணினால் அவர் மகன் சொல்லட்டும், நான் கேட்பேன். இது சத்தியம்.

இன்னும் ஆறாத,
உங்கள் பெண்டாட்டி, எழிலின் அம்மா,
மல்லிகா கதிர்வேல்